திறந்து கிடந்தது

உட்காருங்க சார். அந்த ஸ்டூல் ஆடும். இதில் உட்காருங்க, கட்டர் பக்கத்தில். கையை அந்தப் பலகை மேலேயே வைத்துக்கொள்ளலாம், ஒன்றும் ஆகாது. காகிதம் வெட்டுகிற பலகைதான். துடைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

முதலாளி இல்லை. பெருந்துறையில் அவர் மச்சான் வீட்டுக் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து எழுந்து மூன்று மணிக்குத்தான் வருவார். இந்த நேரத்தில் பனியன் கம்பெனிகளில் எல்லாரும் தூக்குச்சட்டியைத் திறந்திருப்பார்கள். கடைக்கு ஆள் வராது. நீங்களும் நானும்தான்.

ஸ்கேன் ஃபோல்டரைத் திறக்கச் சொல்கிறீர்கள். மெக்கானிக் லோகு அனுப்பினான், பிரிண்டர் கோளாறு, அதற்கு ஃபோல்டரைப் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். சரி சார். மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. திரையில் என்ன வருகிறது பாருங்க. 'அனுமதி இல்லை.' நீங்கள் எத்தனை தடவை தட்டினாலும் அதுதான் வரும். பூட்டினது நான். பாஸ்வேர்டு என்னிடம்தான் இருக்கிறது. இந்தக் கடைக்கு வந்து போன அத்தனை பேருடைய ஆதாரும், ரேஷன் கார்டும், வீட்டு விலாசமும் அதற்குள்ளே கிடக்கிறது. ஏன் பூட்டினேன் என்று கேளுங்க. கேட்டுவிட்டு, அப்புறமும் திற என்று சொன்னால் திறக்கிறேன்.

இந்தாங்க, டீ. ஃபிளாஸ்கில் இருந்தது, சூடாகத்தான் இருக்கும்.

எனக்குப் பேச்சு வராது சார். கூச்சம். ஆம்பளைகள் வந்தால் தலையை நிமிர்த்தாமல் ஜெராக்ஸ் எடுத்து நீட்டிவிடுவேன். "இந்தப் புள்ளைக்கு வாய் இருக்குதா, இல்ல வெறும் கைதானா?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. யாரையும் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. யாரையும் அடித்ததும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஊரில் வேறு மாதிரி பேசுகிறார்கள்.

எனக்கு அருப்புக்கோட்டைப் பக்கம். என் பேர் காளீஸ்வரி. வீட்டுக்காரர் பேர் மாரிக்கனி, தறி ஓட்டுகிறவர். நல்ல மனுஷர் சார். அதை நான் கோர்ட்டிலும் சொல்வேன். குடிக்கமாட்டார். பீடி கிடையாது. கோபம் வந்தால்தான். கோபம் தினமும் வரும்.

தறியில் நாடாவை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அடித்துத் தள்ள ஒரு கட்டை இருக்கும். தேய்ந்துபோனால் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டுவார்கள். தேய்ந்ததை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். அடுப்பெரிக்க என்பார். அடுப்புக்கு ஒன்றுகூடப் போனதில்லை. சோற்றில் முடி கிடந்தால் அது. குழந்தை அழுதால் அது. குழந்தை அழாமல் தூங்கினாலும், "என்னடி, மருந்து கொடுத்துத் தூங்க வச்சிட்டியா" என்று அது.

இந்தக் காதைப் பாருங்க. மடல் இரண்டாகப் பிரிந்திருக்கிறதா? கம்மலோடு சேர்த்து இழுத்தார். கம்மல் கையோடு போய்விட்டது. அப்புறம் அவரே அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, துண்டில் துடைத்து, என்னிடம் கொடுத்தார். "பத்திரமா வையி" என்று சொன்னார். கெட்ட மனுஷராக இருந்தால் திருப்பிக் கொடுப்பாரா?

பல்லும் காதும் போனபோதெல்லாம் நான் இருந்துகொண்டேன். ஒரு நாள் தன்ஷிகாவை, என் மகள் சார், அப்போது இரண்டரை வயசு, காலைப் பிடித்துத் தூக்கிச் சுவரைப் பார்த்து ஓங்கினார். எறியவில்லை. ஓங்கினதோடு சரி. எறிகிறவரைக்கும் காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் தறிக்குப் போன பிறகு பஸ் ஏறிவிட்டேன். மதுரை, அங்கிருந்து திருப்பூர். இங்கே யாரையும் தெரியாது. தெரியாததுதான் நல்லது என்று வந்தேன்.

சென்னியப்பன் அண்ணன்தான் வேலை கொடுத்தார், இந்தக் கடை முதலாளி. கூட்ட, துடைக்க, ஜெராக்ஸ் எடுக்க. அப்புறம் ஸ்கேன் செய்யவும் சொல்லிக் கொடுத்தார். "தாளக் கவுத்துப் போடு, மூடியச் சாத்து, பட்டனத் தட்டு. அவ்வளவுதான் அம்மிணி, ஆப்பம் சுடறதுக்கு இதவிட வித்தை வேணும்" என்பார்.

இந்தக் கடையில் ஒரு வழக்கம். ஸ்கேன் எடுத்தால் ஆளின் பேரையும் தெருப் பேரையும் போட்டுச் சேமித்துவிடுவோம். எல்லாம் அந்த ஒரே ஃபோல்டரில். அவர்கள் மறுபடி வந்தால் தேட வேண்டியதில்லை, பேரைச் சொன்னால் தாள் வந்துவிடும். ஜனங்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். "நம்ம பேரு கம்ப்யூட்டர்ல இருக்குது பாரு" என்று சந்தோஷப்படுவார்கள். நானும் சந்தோஷப்பட்டேன். குழந்தையை அங்கன்வாடியில் சேர்க்கவும் ரேஷனுக்கும் விலாசம் மாற்ற வேண்டியிருந்தது. என் ஆதாரை நானே கவுத்துப் போட்டு, நானே மூடி, நானே தட்டினேன். நானே பேர் போட்டேன். காளீஸ்வரி, பட்டத்தரசி அம்மன் கோயில் பின்புறம், லைன் வீடு ஆறு.

கடையில் மூன்று கம்ப்யூட்டர். இது நாங்கள் வேலை செய்வது. அதோ சுவர் ஓரம் இரண்டு, வருகிறவர்கள் உட்கார்ந்து பார்க்க, பென்டிரைவ் போட்டுப் பிரிண்ட் எடுக்க. மூன்றும் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டது. இதில் இருக்கிற ஃபோல்டர் அதிலேயும் தெரியும்.

நீங்கள் மெக்கானிக், உங்களுக்குத் தெரியாததா. இருந்தாலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிப் பார்க்கிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்க. ஒவ்வொரு ஃபைலுக்கும் மூன்று தரப்பு. வைத்திருக்கிறவர் ஒருத்தர். அவரோடு சேர்ந்த கூட்டம் ஒன்று. மற்ற எல்லாரும் ஒன்று. ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு எண் போட வேண்டும். திருத்தி எழுதலாம் என்றால் நான்கு. பார்க்க மட்டும் என்றால் இரண்டு. ஓட்டலாம் என்றால் ஒன்று. எல்லாம் செய்யலாம் என்றால் மூன்றையும் கூட்டி ஏழு. சரிதானே? தலையாட்டுகிறீர்கள். சரி.

லோகுவுக்கு ஒரே எண்தான் தெரியும். மூன்று ஏழு. வைத்திருக்கிறவருக்கும் ஏழு, கூட்டத்துக்கும் ஏழு, தெருவில் போகிறவனுக்கும் ஏழு. பிரிண்டர் ஓடவில்லையா, மூன்று ஏழு. படம் திறக்கவில்லையா, மூன்று ஏழு. "அக்கா, இது சஞ்சீவி மூலிகை மாதிரி. எத்தனையோ எண் இருக்குது, எதுக்கு மண்டைய ஒடைக்கணும்? மூணு ஏழப் போட்டா கஸ்டமரும் கத்தமாட்டான், மொதலாளியும் கத்தமாட்டாரு" என்பான். என்னைவிடச் சின்னவன். நல்ல பையன்தான். சோம்பேறி.

அப்படி ஒரு வியாழக்கிழமை. தன்ஷிகாவுக்குக் காய்ச்சல். நான் லீவு. அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர் இந்தக் கடைக்கு வந்தார்.

என்னைத் தேடி இல்லை சார். அதாவது என்னைத் தேடித்தான். ஆனால் இங்கே நான் இருப்பது அவருக்குத் தெரியாது. திருப்பூரில் எங்கேயோ இருக்கிறேன் என்று மட்டும் கேள்விப்பட்டு வந்தவர், 'காணவில்லை' என்று என் படம் போட்டு ஒட்டுவதற்கு நோட்டீஸ் அடிக்க வந்தார். கல்யாண ஃபோட்டோ. அந்த இரண்டாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பென்டிரைவைச் செருகியிருக்கிறார். அதைத் திறக்கப் போனால் பக்கத்திலேயே 'ஸ்கேன்' என்று ஒரு ஃபோல்டர். உள்ளே பேர் பேராக வரிசை. கா என்று தேடினால் நான்.

நோட்டீஸ் அடிக்கவில்லை. எதற்கு அடிக்க வேண்டும்? எழுந்து போய்விட்டார்.

சாயங்காலம் நாலு மணி. லைன் வீட்டு வாசலில் குழாயடியில் குழந்தைக்கு ஈரத்துணி பிழிந்துகொண்டிருந்தேன். பின்னால் இருந்து முடியைப் பிடித்தார். யார் என்று திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை, அந்தப் பிடி எனக்குத் தெரியும். துவைக்கிற கல்லில் முகத்தை வைத்து இடித்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். எண்ணினால் வலி தெரியாது என்று பழக்கம். ஐந்தில் முன்பல் இரண்டு போனது. கையை ஊன்றினேன், அந்தக் கை மேல் ஏறி நின்றார். கரும்பு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். "ஊர மாத்திட்டா பொண்டாட்டி மாறிருவியாடி? வெலாசத்த மாத்திட்டா?" அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். குழந்தை வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. அழவில்லை சார். அது அழுவதை எப்போதோ விட்டுவிட்டது.

பக்கத்து வீட்டு சபிதா, ஒடிசாக்காரப் பெண், சாயப்பட்டறையில் வேலை, ஷிப்ட் முடிந்து வந்தவள், பருப்பு வெந்து மூடி திறந்திருந்த குக்கரை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து அவர் கழுத்திலும் முதுகிலும் கவிழ்த்தாள். "போ! நீ போ!" அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். போதுமானதாக இருந்தது.

ஸ்டேஷனில் அவரை உட்காரவைத்துக் கேட்டார்கள். சட்டை போட முடியாமல் முதுகில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கே பாவமாக இருந்தது. "எப்படிடா விலாசம் கிடைச்சது?" "நான் ஒண்ணும் பூட்ட ஒடைக்கலய்யா. தொறந்து கெடந்துச்சு, பாத்தேன். பொண்டாட்டி வெலாசத்தப் புருஷன் பாக்கக் கூடாதா?" அந்த அம்மா, அதிகாரி, என்னைத் திரும்பிப் பார்த்து, "அவன் கேக்குறதுல என்னம்மா தப்பு?" என்றார்கள். என் வாயில் துணி அடைத்துத் தையல் போட்டிருந்தது. நல்லதாய்ப் போயிற்று. இல்லாவிட்டாலும் நான் பேசியிருக்க மாட்டேன். இனிமேல் வரமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

மாவுக்கட்டோடு கடைக்கு வந்தேன். சென்னியப்பன் அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கால்குலேட்டரைத் துடைத்துக்கொண்டே, "நானென்ன பண்ணட்டும் அம்மிணி. தொறந்து கெடந்துச்சு, அவன் பாத்துப்போட்டான்" என்றார். அவர் சொன்னதும் அதே வார்த்தைதான். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி.

திறந்து கிடந்தது. யார் திறந்து போட்டது என்று மட்டும் யாரும் கேட்கமாட்டேன் என்கிறார்கள்.

அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக வாய் திறந்து ஒன்று கேட்டேன். அந்த ஃபோல்டரைப் பூட்டுங்கள் என்றேன். லோகுவை வரச் சொன்னார். லோகு என் முகத்தைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் மௌஸையே உருட்டிக்கொண்டிருந்தான். அப்புறம் கம்ப்யூட்டருக்கு உத்தரவு அடிக்கிற அந்தக் கறுப்புத் திரையைத் திறந்து ஏழு, பூஜ்யம், பூஜ்யம் என்று அடித்தான். "இனி கடைக் கணக்குல வர்றவங்களுக்கு மட்டும்தான்க்கா. மத்தவனுக்குக் கதவே கெடையாது." அந்த வரியை எழுதிக் கொடு என்றேன். காகிதம் எடுக்கப் போனான். இதிலேயே எழுது என்று மாவுக்கட்டை நீட்டினேன். கெட்டி மார்க்கரில் எழுதினான். ஒவ்வொரு எழுத்தாக, இடைவெளி எங்கே விட வேண்டும் என்று ஒரு சின்னக் கோடும் போட்டுக் கொடுத்தான். எனக்கு அந்த வரி என்ன சொல்கிறது என்று தெரியாது. எங்கே இடைவெளி என்று தெரியும்.

இரண்டு நாள் பூட்டியிருந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் சேர்க்கிற கூட்டம். வருமானச் சான்று, சாதிச் சான்று, ரோடு வரைக்கும் வரிசை. நான் கட்டைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சுவர் ஓரத்துக் கம்ப்யூட்டரில் ஆளாளுக்கு 'அனுமதி இல்லை', 'அனுமதி இல்லை'. ஒருத்தர் ஃபாரத்தைச் சுருட்டி சென்னியப்பன் அண்ணன் முகத்திலேயே எறிந்துவிட்டாராம். அண்ணன் லோகுவுக்குப் போன் போட, அவன் எங்கேயோ வண்டியில் போய்க்கொண்டே, "அண்ணா, மூணு ஏழு" என்று சொல்லிவிட்டான். அண்ணனே அடித்தார். எல்லாம் ஓடியது. யாரும் கத்தவில்லை. திரும்பி வந்த என்னிடமும் யாரும் சொல்லவில்லை.

பூட்டியிருக்கிறது என்ற தைரியத்தில் அந்த வாரமே நான் அங்கன்வாடித் தாளை ஸ்கேன் எடுத்தேன். வீடு மாறியிருந்தேன் சார், இரண்டு கிலோமீட்டர் தள்ளி. புது விலாசம், புது அங்கன்வாடி, டீச்சர் பேர், குழந்தையை எத்தனை மணிக்கு விடுவார்கள் என்பது வரைக்கும் அந்தத் தாளில் இருந்தது. தன்ஷிகா என்று பேர் போட்டேன். என் பேரைப் போடவில்லை. எனக்குத் தந்திரம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தாளை ஸ்கேன் எடுத்த எட்டாம் நாள். பதினொரு மணி இருக்கும். நான் இந்தக் கவுண்டருக்குக் கீழே குத்தவைத்து ஜெராக்ஸ் மிஷினுக்கு மை மாற்றிக்கொண்டிருந்தேன். ஒருத்தர் வந்து இரண்டாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். தொப்பி, முகத்தில் மாஸ்க். நான் கீழே இருந்ததால் அவருக்கு என்னைத் தெரியவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். பின்கழுத்துதான் தெரிந்தது. குக்கர் பருப்பு கொட்டின இடத்தில் தோல் புதுசாக, இளஞ்சிவப்பாக இருந்தது.

திரையில் என் மகளுடைய தாள். பெரிதாக்கி, ஒரு விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும்.

எழுந்து நின்றேன். "எந்திரிங்க" என்றேன். வாழ்க்கையில் அவரிடம் நான் சொன்ன முதல் அதட்டல் அதுதான், அதிலும் 'ங்க' போட்டுத்தான் சொன்னேன். திரும்பினார். மாஸ்க்கைக் கீழே இழுத்தார். சிரித்தார் சார். "தொறந்துதான் கெடக்கு. ரெண்டு மணிக்கு விடுவாங்களாம்ல? நானே போயி கூட்டிக்கிறேன். நீ மெல்ல வா" என்றார்.

நான் கவுண்டரைத் தாண்டி வாசலை மறிக்கப் போனேன். எட்டி என் முடியைப் பிடித்துவிட்டார். இடது கையால். சாய்ந்து இழுக்க வலது கையை ஊன்ற வேண்டியிருந்தது. ஊன்றினார்.

நீங்கள் வைத்திருக்கிறீர்களே, அதே இடத்தில்.

என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. அந்தக் கத்தியின் பிடி என் கைக்கு நேராக இருந்தது. அது தினமும் நான் இறக்குகிற பிடி. நூறு தாளை ஒரே இறக்கில் வெட்டுகிற கத்தி. கை தானாக இறங்கியது சார். சத்தம்கூடப் பெரிதாக இல்லை, ஒரு கட்டுத் தாள் வெட்டினால் வருமே, அவ்வளவுதான். அப்புறம் அவர் போட்ட சத்தம் வேறு. மூன்று விரல். கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருக்கிறது. என் முடி அவருடைய இன்னொரு கையில் இருந்தது, அதை ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்துவிட்டேன்.

பலகை மேல் யாரோ ஒரு பிள்ளையின் ஹால் டிக்கெட் இருந்தது. அதில் ரத்தம் பரவுவதற்குள் எடுத்து வைத்துவிட்டேன். நல்ல வேளை, ஓரத்தில் ஒரு பொட்டுதான்.

சென்னியப்பன் அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அம்மிணி... அம்மிணி..." அவ்வளவுதான் வந்தது. ஜனங்கள் கூடிவிட்டார்கள். யாரோ போலீசுக்குப் போன் போட்டார்கள், யாரோ ஆம்புலன்சுக்கு. நான் யாருக்கும் போன் போடவில்லை. இந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கறுப்புத் திரையைத் திறந்தேன். கட்டுப் போட்ட கையைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து, மற்ற கையால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். விரல் ஈரமாக இருந்ததால் இரண்டு தடவை வழுக்கித் தப்பாகிவிட்டது. மூன்றாவது தடவை ஏறிவிட்டது. சுவர் ஓரத்தில் என் மகளுடைய தாள் திறந்தே இருந்தது, அதை மூடிவிட்டு மறுபடி தட்டிப் பார்த்தேன். 'அனுமதி இல்லை.' அப்போதுதான் சார் எனக்கு அழுகை வந்தது.

பத்தொன்பது நாள் உள்ளே இருந்தேன். குழந்தை சபிதாவிடம். திரும்பி வந்தபோது அது ஒடியாவில் இரண்டு வார்த்தை பேசியது. ஜாமீன் கையெழுத்து சென்னியப்பன் அண்ணன்தான் போட்டார். "நான் தொறந்து போட்டதுக்கு நாந்தானே கையெழுத்துப் போடோணும்" என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இங்கேயே வேலை செய்கிறேன்.

கேஸ் நடக்கிறது. எல்லாரும் கத்தியைப் பற்றியே கேட்கிறார்கள். எந்தப் பக்கம் நின்றாய், எந்தக் கையால் பிடித்தாய், எத்தனை தடவை. ஃபோல்டரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. "அந்தக் கதை வேண்டாம்மா, ஜட்ஜ் கொழம்பிருவார்" என்று வக்கீலும் சொல்கிறார். அதுதான் சார் கதை. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டை வெட்டினபோது அந்த எழுத்து இருக்கிற துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். சாட்சிக்கு ஆகும் என்று. வீட்டில் அரிசி டப்பா மேல் வைத்திருக்கிறேன்.

இப்போது ஃபோல்டர் என் பேரில் இருக்கிறது. என் கணக்கு, என் பாஸ்வேர்டு. முதலாளிக்கே வேண்டுமென்றாலும் என்னைத்தான் கேட்க வேண்டும். ஸ்கேன் எடுக்கிறவர்களை நான் ஒவ்வொருத்தராகப் பார்த்துக்கொள்கிறேன், வரிசை நீண்டால் நீளட்டும். கடை சாத்துவதற்கு முன்னால் அன்றைக்கு வந்த எல்லாத் தாளையும் உட்கார்ந்து படிப்பேன். ஒன்று விடமாட்டேன். யாருக்கு என்ன கஷ்டம், யார் எங்கே இருக்கிறார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். லோகு ஒரு நாள் கேட்டான், "உனக்கு மட்டும் யாருக்கா அனுமதி குடுத்தா?" என்று. சிரிக்காமல் கேட்டான். இது என்ன கேள்வி? அவர் பார்த்ததும் நான் பார்ப்பதும் ஒன்றா? அவர் கோபத்தில் பார்த்தார். நான் அக்கறையில் பார்க்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண் வந்தாள். வெயில் கொளுத்துகிறது, கழுத்தைச் சுற்றி ஷாலை இறுக்கிச் சுற்றியிருந்தாள். மூன்று தாள். ஒன்று மகளிர் ஸ்டேஷனுக்கு மனு. இன்னொன்று அவள் புதிதாகத் தங்கியிருக்கிற இடத்தின் விலாசம். நடுவில் இருந்தது ஒரு ஃபோட்டோ, யார் மேல் மனு என்று காட்டுவதற்கு. ஏதோ கோயில் வாசலில் அவளும் அவள் புருஷனும். அவருக்கு இடது புருவத்தில் குறுக்கே ஒரு வெட்டு, முடி முளைக்காமல்.

தொட்டுப் பார்க்க வேண்டாம் சார். கதவைத் தள்ளிக்கொண்டு நீங்கள் நுழைந்தபோதே பார்த்துவிட்டேன். இந்த இடத்தில் உட்காரச் சொன்னதும் அதற்குத்தான்.

இருந்தாலும் ஒரு ஆளைச் சும்மா சந்தேகப்படக் கூடாது இல்லையா? உலகத்தில் வெட்டுப்பட்ட புருவம் எத்தனையோ இருக்கும். அதனால்தான் எண்களைச் சொல்லிப் பார்த்தேன். பார்க்க இரண்டு, எழுத நான்கு என்று. நீங்கள் தலையாட்டினீர்கள். பார்ப்பதற்குத்தான் சார் நான்கு. எழுதத்தான் இரண்டு. லோகு சோம்பேறிதான், ஆனால் அதுகூடத் தெரியாத ஆளை அனுப்பமாட்டான்.

இல்லை, அவசரம் வேண்டாம். கையைச் சட்டென்று இழுக்காதீங்க. என் கை எங்கே இருக்கிறது என்று இப்போதுதான் கவனிக்கிறீர்கள். அது அங்கேயேதான் இருந்தது, நீங்கள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மெதுவாக எடுங்க. ஒவ்வொரு விரலாக. அப்படித்தான்.

ஏற்கெனவே ஒரு கேஸ் இருக்கிறது எனக்கு. இன்னொன்றும் சேர்ந்தே நடக்கட்டும் என்று விட்டுவிடுவேன். ஆனால் நான் அப்படிப்பட்டவள் இல்லை சார், முதலிலேயே சொன்னேன், யாரையும் அடித்ததில்லை.

டீ ஆறிவிட்டது. பரவாயில்லை, வைத்துவிட்டுப் போங்க, நான் கழுவிக்கொள்கிறேன். போகும்போது அந்தக் கண்ணாடிக் கதவை நன்றாக இழுத்துச் சாத்திவிட்டுப் போங்க. திறந்து கிடந்தால் எனக்குப் பிடிக்காது.